கிண்ணத்துத் தண்ணீரும் ஜெல் சொட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக்குள் பால்கோவா வந்தால், யாருக்கு எவ்வளவு என்ற பங்குப் பேச்சுக்கு முன்னால் அதை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்துவிடும். பாலையும் சர்க்கரையையும் விறகடுப்பில் கிண்டிக் கிண்டிச் சுண்டவைத்து இறக்கிய பண்டம். இனிப்பு, கொழுப்பு, புரதம் மூன்றும் ஒரே உருண்டையில் இருக்கும்போது எறும்பு வேறு எங்கே போகும்? அரசாங்கம் 2019-இல்தான் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. ஊர் எறும்புகள் அதற்கு வெகுகாலம் முன்பே தரச்சான்று கொடுத்துவிட்டன.

பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் இந்தத் தொல்லை மாம்பழக் காலத்தில் உச்சத்துக்குப் போகும். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கூடை கூடையாக வந்து இறங்கும். தோப்பில் காய் பறிப்பவர்களின் கழுத்தைப் பதம் பார்க்கிற முசுறு அந்தக் கூடையோடு வந்தாலும் வீட்டில் தங்காது. அதற்கு மரமும், கூடு தைக்க இலையும் வேண்டும். வீட்டில் குடியேறுவது வேறு ஆட்கள்.

அந்த ஆட்களை இந்த இரண்டு ஊர் வீடுகளும் சமாளித்து வந்த விதம் மூன்று கட்டமாக மாறியிருக்கிறது. முன்பு, தீனியை எறும்புக்கு எட்டாமல் வைத்தார்கள். பிறகு சில பத்தாண்டுகள், எறும்பைக் கண்ட இடத்தில் கொன்றார்கள். இப்போது உருப்படியாக வேலை செய்கிற முறை, எறும்பைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது.

அந்தக் கால ஏற்பாடு முழுக்கத் தண்ணீரை நம்பியது. பலகாரமும் பால் பாத்திரமும் இருக்கும் வலையடித்த அலமாரியின் நான்கு கால்களும் நான்கு கிண்ணங்களில் நிற்கும். கல்லிலோ பீங்கானிலோ செய்த கிண்ணம், வசதி இல்லாத வீட்டில் பழைய அலுமினியத் தட்டு. அதில் எப்போதும் தண்ணீர் இருக்கும். அலமாரி இல்லாத வீட்டில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் சம்படத்தை வைப்பார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள், உறி தொங்கும் கயிற்றின் நடுவில் ஒரு சிரட்டையைக் கோத்து அதில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். உத்தரத்திலிருந்து கயிறு வழியாக இறங்கி வருகிற எறும்பு சிரட்டையோடு நின்றுவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. உண்மையில் அது தினப்படி வேலை. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் தண்ணீரின் மேல் தூசி ஆடை மாதிரி படியும். பொடி எறும்புகள் அதன்மேல் நடந்தே போய்விடும். ஒரு விளக்குமாற்றுக் குச்சி குறுக்கே விழுந்தால் போதும், அதுவே பாலம். அலமாரியை யாராவது அரை அடி தள்ளிச் சுவரோடு ஒட்டிவிட்டால் கிண்ணம் நாலும் வெறும் அலங்காரம். உலர்த்திய புடவையின் தலைப்பு அலமாரியில் பட்டுக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது கிண்ணத்தைக் கவிழ்த்துத் துலக்கிப் புதுத் தண்ணீர் ஊற்றுவது என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். பாட்டிகள் போகிற வருகிற பிள்ளைகளை எல்லாம் "அலமாரியத் தள்ளாதலே" என்று விரட்டியதற்குக் காரணம் இருந்தது.

தானியத்துக்கு வேறு ஏற்பாடு. கம்பும் சோளமும் மண் குலுக்கையில் போய்விடும். வாயை மூடி மண்ணும் சாணமும் பூசிவிட்டால் எறும்புக்கு வழியில்லை. வெல்லப் பானையின் வாயில் துணியை இறுக்கி வேடு கட்டுவார்கள். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ஏராளம். அந்தத் துணி ஈயைத் தடுக்கும். எறும்புக்கு அது கதவு திறந்த வீடு. அதனால் வெல்லத்துக்குக் கெட்டி வேட்டித் துண்டுதான்.

எறும்பு வந்தே தீரும் மாதங்களும் வீட்டாருக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கி மண்ணுக்குள் தண்ணீர் போனால், முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகத் திண்ணையேறும். அதைப் பார்த்து மழை வலுக்கும் என்று சொல்லிக்கொண்டே மஞ்சள்பொடியையும் அடுப்புச் சாம்பலையும் வாசற்படி ஓரமாகக் கோடாகத் தூவுவார்கள். சாம்பல் கோடு உலர்ந்து கிடக்கும்வரை வேலை செய்யும். தூள் மேல் எறும்புக்குக் கால் ஊன்றாது, வாசனைத் தடமும் புதைந்துபோகும். சாரல் பட்டு நனைந்தால் கோடு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதையெல்லாம் வைத்து அந்தக் காலத்து மனிதர்கள் எறும்புக்கும் இரக்கம் காட்டி வாழ்ந்தார்கள் என்று இப்போது மேடைகளில் பேசுகிறார்கள். அரிசி மாக் கோலம் எறும்புக்கு இட்ட சோறு என்பார்கள். மார்கழியில் ஆண்டாள் ஊரின் வாசல்களை நிறைத்த மாக்கோலத்தை எறும்புகள் தின்றது உண்மை. ஆனால் வாசலில் தின்ற எறும்பு வீட்டுக்குள் வராது என்பதை நான் நம்பவில்லை. வாசலில் தீனி கிடைக்கிற எறும்பு அடுத்த அறையையும் தேடிப் பார்க்கும். அதன் பிழைப்பு அது. இரக்கத்திலும் சாதி பார்த்தார்கள். கறுப்பு எறும்பு பிள்ளையார் எறும்பு, சாமி எறும்பு; அதைக் கொல்லக் கூடாது. சிவப்பு எறும்பு கடிக்கும். அதன் புற்றில் சுடுதண்ணீரைக் கவிழ்ப்பதிலும் மண்ணெண்ணெய் ஊற்றுவதிலும் யாருக்கும் பாவ புண்ணியம் தோன்றியதில்லை. இதையும் தாண்டி காப்பியில் மிதந்தவற்றுக்கு ஒரு சமாதானம் இருந்தது: "எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்." கண்ணாடி போட்ட தாத்தாவே இதைச் சொல்வார்.

அடுத்த கட்டம் பொடியில் ஆரம்பித்தது. பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லித் தூளை மக்கள் கேமக்சின் என்ற பெயரில் அறிந்திருந்தார்கள். கரிசல் காட்டில் பருத்திக்கும் வயலில் நெல்லுக்கும் தூவ வாங்கியது, மிச்சம் இருந்தால் வீட்டுக்குள் வரும். புழுங்கலும் நெடியுமான அந்த வாசனை இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். துணியில் கட்டிச் சுவரோரம் தட்டிக்கொண்டே போவார்கள். சமையலறைச் சுவர், பீரோ அடி, சில வீடுகளில் அரிசி மூட்டையின் அடியிலும்கூட. பவுடர் டப்பாவில் போட்டு வைத்ததைக் குழந்தைக்குப் பூசும் பவுடர் என்று எடுத்த பயங்கரங்களும் உண்டு.

எறும்பு செத்தது. மறுநாளும் வராது, மறுவாரமும் வராது. ஜனங்களுக்குப் பிடித்துப்போனது அதனால்தான். அந்த நஞ்சு எளிதில் சிதையாது, மண்ணில் கிடக்கும், புல்லில் ஏறும், மாட்டின் கொழுப்பில் தங்கும், பாலில் இறங்கும். தொண்ணூறுகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மாநிலங்களின் பாலைச் சோதித்தபோது டி.டி.டி.யோடு இதன் எச்சமும் பரவலாகக் கிடைத்தது. பாலை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இதைவிடக் குத்தலான செய்தி இருக்க முடியாது: பால்கோவாவைத் தொடும் எறும்பை ஒழிக்கிற தூள், மாட்டின் வழியாகப் பாலுக்குள் போகக்கூடியது. 1997-இல் இந்தியா பி.எச்.சி.யைத் தடை செய்தது. அதன் சுத்தமான வடிவமான லிண்டேன் இன்னும் சில ஆண்டுகள் நீடித்து 2013-இல் முடிவுக்கு வந்தது. இந்த மூன்று கட்டங்களில் எதைத் திரும்பிப் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்று என்னைக் கேட்டால், இந்த நடுக்கட்டத்தைத்தான் காட்டுவேன்.

பொடி போன இடத்துக்குச் சாக்பீஸ் வந்தது. லட்சுமண ரேகா என்ற பெயருக்கு இருந்த மவுசு எவ்வளவு என்பதற்கு, அந்தப் பெயருக்காக இரண்டு தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போய் 2004-இல் தீர்ப்பு வாங்கியதே சாட்சி. இராமாயணத்தில் கோட்டைத் தாண்டி வெளியே வந்தவள் சீதை. இங்கே கோட்டைத் தாண்டி உள்ளே வருவது எறும்பு. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. ஒருவகைச் சாமந்திப் பூவின் சாற்றைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கிய குடும்பம் அது. எறும்பின் நரம்பைத் தாக்கித் துடிக்க வைத்துக் கொல்லும். மனிதருக்குப் பழைய பொடியைவிடப் பல மடங்கு ஆபத்துக் குறைவு. பூனைக்கும் மீன்தொட்டிக்கும் ஆகாது. பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் சிலேட்டோடு விளையாடும் பிள்ளை உள்ள வீட்டில் அதை உயரத்தில் வைக்க வேண்டும்.

சாக்பீஸும் அதன்பின் வந்த ஸ்ப்ரேயும் கண்ணில் படுகிற எறும்பைக் கொல்லும். கண்ணில் படுவது, தீனி தேடி வெளியே வந்த ஒரு பகுதி மட்டும். ராணியும் குஞ்சும் மிச்சக் கூட்டமும் சுவருக்குள். ஒரு மளிகைக் கடை வாசலில் கேட்ட பேச்சு இது:

"அண்ணாச்சி, எறும்புக்கு ஏதாச்சும் குடுங்க."

"பொடியாம்மா, சாக்பீஸா, ஸ்ப்ரேயா?"

"எதுல சாவும்?"

"எல்லாத்துலயும் சாவும். நாளைக்கு மறுபடியும் வரும்."

அண்ணாச்சி சொன்னதில் பூச்சியியல் முழுசாக இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெளிர் மஞ்சளாக, கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு பொடி எறும்பு உண்டு. ஆங்கிலத்தில் பாரோ எறும்பு என்கிறார்கள். ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். ஸ்ப்ரே அடித்து மிரட்டினால் கூட்டம் உடைந்து, ராணிக்கு ஒரு கும்பலாக இரண்டு மூன்று இடத்துக்குப் போய்த் தனிக்குடித்தனம் வைத்துவிடும். அடுப்படியில் அடித்த மருந்தால் படுக்கையறையில் எறும்பு முளைக்கிற மாயம் இதுதான். 1972-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் இந்த எறும்பு நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதைக் காட்டியது. நோயாளியின் கட்டுத்துணிக்குள் புகுகிற அளவுக்குச் சிறிய உருவம். பேண்டேஜ் துணி நெய்கிற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

இந்த எறும்புக்கு நம் வீடுகள் இப்போது வசதியாக இருக்கின்றன. பழைய மச்சு வீட்டில் சுவர் இரண்டடிக் கனம். மின்சாரக் கம்பி, இருந்தால், மரப்பட்டையில் வெளியே ஓடும். இன்று செங்கல்லைக் கொத்தி உள்ளே பைப் பதித்து வயர் இழுக்கிறோம். எறும்புக்கு அது அறைக்கு அறை போகிற மூடிய சாலை. ஸ்விட்ச் போர்டு ஒரு சத்திரம். டைல்ஸ் இடுக்கு, பிளைவுட் கப்போர்டின் பின்பக்கம், சிங்க் அடியில் எப்போதும் இருக்கும் ஈரம் எல்லாம் சேர்ந்து தண்ணீரும் இருப்பிடமும் கொடுத்துவிடுகின்றன. அலமாரி சுவரோடு சுவராக இருப்பதால் கிண்ணம் வைக்கக் காலே இல்லை. பாட்டி எதைச் செய்யக் கூடாது என்று கத்தினாளோ அதைத்தான் கார்ப்பென்டருக்குக் காசு கொடுத்துச் செய்திருக்கிறோம்.

கிண்ணம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பழமைப் பிரியர்கள் கவனிப்பதில்லை. தெளிந்த தண்ணீர் ஒரு வாரம் அசையாமல் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் புழுவும் வந்துவிடும். எறும்புக்கு வைத்த கிண்ணம் ஆசிய நாடுகள் பலவற்றில் டெங்குக் கொசு வளரும் இடங்களின் பட்டியலில் இருக்கிறது. மழைக்காலத்தில் நகராட்சியிலிருந்து வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பது தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, டயர் ஆகியவற்றோடு இதையும்தான். இன்றும் கிண்ணம் வைக்கிறவர்கள் கைப்பிடி உப்பைப் போட்டு வைக்கட்டும், இல்லாவிட்டால் நான்கு நாளைக்கு ஒருமுறை துலக்கிக் கவிழ்க்கட்டும். வெள்ளிக்கிழமைக் கழுவல் வெறும் ஆசாரம் என்று நினைத்து விட்டவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

இனி மூன்றாம் கட்டமான ஜெல், அதாவது நஞ்சு கலந்த இனிப்புத் தீனி. ஊசிபோடும் சிரிஞ்ச் வடிவக் குழாயில் வரும். சமையல் மேடை ஓரத்தில், எறும்புச் சாரி போகிற பாதையை ஒட்டிக் கடுகளவுக்கு ஒரு சொட்டு. முதலில் ஒரு எறும்பு வரும். கொம்பால் தொட்டுப் பார்க்கும், சுற்றி வரும், போய்விடும். ஆளைக் காணோமே என்று நினைக்கும்போது பத்துப் பதினைந்து வரும். ஒரு மணி நேரத்தில் அந்தச் சொட்டைச் சுற்றித் தலையை உள்ளே விட்டு வட்டமாக நிற்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இந்தக் கட்டத்தில்தான் புதிதாக வாங்கியவர்கள் பதறிப்போய் ஸ்ப்ரேயைத் தேடுகிறார்கள். தேடக் கூடாது. எறும்புக்கு இரண்டு வயிறு. ஒன்று தனக்கு, ஒன்று ஊருக்கு. ஊர் வயிற்றில் நிரப்பிய பாகைக் கூட்டுக்குக் கொண்டுபோய் வாயோடு வாய் வைத்து மற்றவர்களுக்கும் குஞ்சுகளுக்கும் ராணிக்கும் ஊட்டும். நஞ்சு மெதுவாக வேலை செய்வதுதான் இதன் சூட்சுமம். உடனே கொன்றால் தூக்கிப்போனவன் வழியிலேயே சாவான், ராணி தப்பிவிடுவாள்.

கடையில் வாங்க மனமில்லாதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடர் போதும். நூறு மில்லி தண்ணீரில் பத்து கிராம் சர்க்கரையும் ஒரு கிராம் போரிக்கும் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வைத்துச் சாரியின் பக்கத்தில் விட வேண்டும். "சீக்கிரம் சாகட்டும்" என்று போரிக்கைக் கூட்டிப் போட்டால் எறும்பு தொடாது. ஒன்றிரண்டு வாரப் பொறுமை வேண்டும். பிள்ளைகளும் நாயும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ராஜபாளையத்து நாய் எட்டாத இடத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு. இனிப்பைச் சீண்டாமல் எண்ணெய்ப் பலகாரத்துக்கும் கருவாட்டுக்கும் மட்டும் வருகிற கூட்டமாக இருந்தால் சர்க்கரைப் பாகு பலிக்காது, கடலை வெண்ணெயில் குழைக்க வேண்டும். குஞ்சு பெருகும் காலத்தில் புரதமும், மற்ற நேரம் சர்க்கரையுமாக அவற்றின் பசி மாறும்.

எல்லா எறும்பும் இதற்கு மசியும் என்று சொல்லிவிட முடியாது. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம், கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகியது செய்தியானது. கடிக்காது, ஆனால் பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண் பாதிக்கப்பட்டதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். மேய்ச்சலுக்கு மலையேறுவதையே சிலர் நிறுத்தினார்கள். வீட்டு மருந்தை வைத்துக்கொண்டு அந்த அளவுக் கூட்டத்தோடு மல்லுக்கு நிற்க முடியாது. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சுத் தீனியைத் தூவிப் பார்த்தார்கள். குறையும், திரும்பவும் பெருகும். கடைசியில் எறும்பின் மேல் வைத்த கண்ணை அதன் சாப்பாட்டின் மேல் திருப்பினார்கள். மரத்திலிருக்கும் செதில்பூச்சி கசியவிடும் இனிப்புத் தேன்தான் எறும்புக்கு அங்கே முக்கியத் தீனி. அந்தச் செதில்பூச்சிக்குள் முட்டையிட்டு அழிக்கும் நுண்ணிய குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 கடைசியில் விட்டார்கள். சர்க்கரை வரத்தை அடைத்துவிட்டால் கூட்டம் தானே சுருங்கும் என்பது கணக்கு. விலை உயர்ந்த அந்த விஞ்ஞானத்தைக் கேட்டு நம் ஊரில் உறிக்கு நடுவே சிரட்டை கோத்தவர்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஜெல் வைக்கிற வீட்டிலும் இந்தக் கணக்கு பொருந்தும். சர்க்கரை டப்பா திறந்து கிடக்கிற மேடையில் ஜெல் சொட்டுக்கு யார் வருவார்கள்? சிந்திய பாலும் ஜாம் மூடியும் ஜெல்லுக்குப் போட்டிக் கடை. பூச்சி மருந்து அடிக்க வருகிற ஆட்கள் முதலில் மேடையைத் துடைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அடுப்படி, ஹால், வாஷ்பேசின் எல்லா இடத்திலும் மருமகள் ஜெல் வைத்தார். பூஜை அலமாரியில் மட்டும் சாரி நிற்கவில்லை. "அத்தை, இங்கயும் ஒரு சொட்டு வச்சாத்தான் போகும்" என்று கேட்டுப் பார்த்தார். "அது சாமி எறும்பு. கல்கண்டுக்கு வருது, தின்னுட்டுப் போகுது. அங்க விஷம் வைக்காத" என்று மாமியார் சொல்லிவிட்டார். மருமகள் வாதாடவில்லை. கல்கண்டுக் கிண்ணத்தை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, பூஜை நேரத்துக்கு மட்டும் வெளியே எடுத்தார். இரண்டு மூன்று நாளில் சாமி எறும்புகள் அடுப்படிச் சொட்டுக்கு வந்து சேர்ந்தன.